பற்றை வளர்ந்தால் காணி பறிபோகுமா?

மன்னார் மாவட்டத்து ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, அடம்பன், இலுப்பைக்கடவை, பாலைக்குழி, முள்ளிக்குளம், வேப்பங்குளம். பாதிக்குப் பாதி மரம் செடி கொடிகளின் பெயர்கள். இவற்றில் இலுப்பைக்கும் வேம்புக்கும் பாலைக்கும் இன்றும் ஓரளவு மரியாதை இருக்கிறது. எருக்கலையும் விடத்தலும் அடம்பனும் முள்ளியும் நம் கண்ணில் வெறும் பற்றைகள். மண்வெட்டி எடுத்துக் கொத்தி, வேலியோரம் குவித்து, அசருக்குப் பிறகு நெருப்பு வைக்கப்படுபவை. நம் மூதாதையர் எந்தச் செடிகளைக் கொண்டு ஊருக்கே பெயர் வைத்தார்களோ, அந்தச் செடிகளை வளவுக்குள் ஒரு முழம்கூட வளர விடமாட்டோம் என்று பேரப்பிள்ளைகள் நாம் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒவ்வொரு வளவிலும் ஒரு பகுதியையாவது, நாலில் ஒன்றையாவது, கொத்தாமல், கூட்டாமல், கொளுத்தாமல் அதன் போக்கில் விடவேண்டும் என்பதே என் கட்சி. ஊரில் இதைச் சொன்னால் உடனே நான்கு பதில்கள் வரும். வீடு அசுத்தமாகும் என்பார்கள். பாம்பு வரும் என்பார்கள். டெங்கு வரும் என்பார்கள். நான்காவது பதிலைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் அதுதான் எல்லார் மனதிலும் இருப்பது: பற்றை வளர்ந்தால் காடென்று சொல்லி அரசாங்கம் காணியை எடுத்துவிடும். முதல் மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு இந்த நான்காவதற்கு வருகிறேன். அதற்குப் பின்னால் ஒரு சமூகத்தின் காயம் இருக்கிறது. ஆகையால் அதை அவசரமாகத் தாண்டிப் போக முடியாது.

முதலில் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று பார்ப்போம். நம் உம்மம்மாமாரின் காலத்து வளவில் கிளுவை வேலி இருந்தது. பூவரசு கதிகால் இருந்தது. பனை நின்றது, உடைமரம் நின்றது, கிணற்றடியில் வழிந்த தண்ணீரில் வாழையும் கீரையும் தாமாக வந்த செடிகளும் சேர்ந்து நின்றன. இன்று கிளுவை வேலி இருந்த இடத்தில் கொங்கிறீட் மதில். வாசலில் இன்டர்லொக் கல். மிச்சம் இருக்கும் மணலை ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டி, அதில் நாலு சட்டி குரோட்டன் வைத்து, அதற்கு வீட்டுத்தோட்டம் என்று பெயர் சூட்டுகிறோம். அந்தக் குரோட்டனின் இலையை இந்த மண்ணின் புழுக்களில் பெரும்பாலானவை தின்னாது. புழு இல்லாத செடிக்குக் குருவி ஏன் வரப்போகிறது?

மன்னாரின் பறவைகள் என்றதும் எல்லாரும் வங்காலைப் பூநாரைகளைத்தான் சொல்கிறோம். வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனம் செய்யப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புக் கொண்ட அந்த ஈரநிலம் 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் பூநாரையும் ஊசிவால் வாத்தும் நீர்நிலையைத் தேடி வருபவை. அவற்றைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வேறு சிலவற்றையும் தேடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. கவுதாரி, கரிக்குருவி, கள்ளிப்புறா ஆகியவை இலங்கையில் பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு வரண்ட கரையோரத்தோடு நின்றுவிடுகிற பறவைகள். கண்டிக்காரரும் காலிக்காரரும் தங்கள் ஊரில் காணமுடியாதவை. இவற்றுக்குச் சரணாலயம் என்று தனியாக ஒன்று தேவையில்லை. முட்செடியும் புல்லும் கலந்த திறந்த வெளி, அதாவது நம் வளவும் நம் வேலியும் ஆட்டுப்பட்டியும்தான் அவற்றின் இருப்பிடம். கவுதாரி மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லுக்கும் பற்றைக்கும் அடியில் நிலத்தில் முட்டையிடும் பறவை அது. பற்றையைக் கொத்துகிற மண்வெட்டி அதன் கூட்டையும் சேர்த்தே கொத்துகிறது.

இன்னொன்று ஆறுமணிக்குருவி. இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி தொடங்கும் காலத்தில் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வரும் சிறு பறவை. வெயில் காலம் வந்ததும் திரும்பிப் போய்விடும். விடியவும் பொழுதுபடவும் கூவுவதால் அந்தப் பெயர். அது சாப்பிடுவது எங்கே தெரியுமா? மரநிழலில் விழுந்து கிடக்கும் சருகுக்கு அடியில். சருகைச் சொண்டால் புரட்டிப் புரட்டிப் பூச்சியும் புழுவும் பொறுக்கும். அத்தனை தூரம் பறந்து வந்த விருந்தாளிக்கு நாம் வைத்திருப்பது கூட்டிப் பெருக்கிய மணலும் சருகு எரிந்த சாம்பலும்.

பனையைப் பாருங்கள். பனையில் காய்ந்து தொங்கும் காவோலையின் அடிப்புறத்தில்தான் பனை உழவாரன் குருவி எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். காவோலையை முழுக்கக் கழித்து மரத்தை மொட்டைக் கம்பமாக நிறுத்தினால் அந்தக் குருவிக்கு வீடில்லை. எருக்கலையில் முட்டை வைக்கும் வெந்தய நிற வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தச் செடியின் பால் கலந்த இலையைத் தின்று வளர்கிறது. ஆவரசை நம்பி வாழும் மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. தேன்சிட்டு தன் தொங்கு கூட்டைச் சிலந்தி நூலாலும் காய்ந்த இலைத் துண்டுகளாலும் கட்டுகிறது. நாம் கஞ்சல் என்று தள்ளுகிற சாமான்களால்தான் அது வீடு கட்டுகிறது.

பூச்சி குறைந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 வருடங்களாகப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து நிறுத்துப் பார்த்தவர்கள், அவற்றின் மொத்த எடை நாலில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017 இல் அறிவித்தார்கள். வயல்களுக்கு நடுவே சிறு சிறு துண்டுகளாக இருந்த காப்பிடங்கள் அவை. தனித்தனித் துண்டுகளாகப் பாதுகாத்தால் மட்டும் போதாது, சுற்றியுள்ள நிலமும் உயிர்களுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம். வங்காலையை அரசு பார்த்துக்கொள்ளும் என்று நாம் கைகழுவ முடியாததும் அதனால்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

சுத்தம். சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நமது. ஆனால் எதிலிருந்து சுத்தம்? ஃபிக்ஹு நூல்களில் நஜீஸ் எவை என்று பட்டியல் இருக்கிறது. வேப்பஞ்சருகு அதில் இல்லை. புல் இல்லை. மண்ணோ, தண்ணீர் கிடைக்காதபோது தயம்மும் செய்து தொழுகைக்குத் தயாராகும் அளவுக்குத் தூய்மையானது. அப்படியிருக்க, சருகைக் கூட்டிக் குவித்து அதோடு ஷொப்பிங் பேக்கையும் யோகட் கோப்பையையும் போட்டு எரித்து அயல்வீட்டுக் குழந்தைக்கு இருமலை உண்டாக்குகிறவர் சுத்தம் பேசுகிறார்! நடப்பட்ட மரத்திலிருந்து பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை நம் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருப்போம். மக்காவின் ஹரம் எல்லைக்குள் தானாக முளைத்த செடியை வெட்டுவதும் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் விலக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுத் தேவைக்காக இத்கிர் என்ற ஒரு புல்லுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. தானாக முளைத்ததற்கும் ஒரு கண்ணியம் உண்டு என்பதை உலகின் மிகப் புனிதமான மண்ணில் கற்றுக்கொடுத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், தானாக முளைத்த ஒவ்வொன்றையும் எதிரியாகப் பார்ப்பது என்ன நியாயம்?

ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வருகிறவர்கள் பெட்டியில் மிஸ்வாக் குச்சிக் கட்டுகள் கொண்டு வருகிறார்கள். பள்ளிவாசல் வாசலில் அதை விலைக்கும் வாங்குகிறோம். அந்த மிஸ்வாக் மரம், தமிழில் உகா, நம்முடைய மன்னார்க் கரையோரப் பற்றைகளில் தானாகவே வளர்கிறது. மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உறையில் அடைத்து வந்ததைக் காசு கொடுத்து வாங்குகிற சமூகம் நாம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்த மரம் என்று சொல்லி, 19 மீற்றருக்கு மேற்பட்ட அதன் சுற்றளவைக் காட்டி, விருந்தினரை நிறுத்திப் படம் எடுக்கத் தெரிகிறது. நம் வளவு மூலையில் நின்ற உகாவின் பெயர் தெரியவில்லை.

சுத்தம் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். அந்த வளவைத் தினமும் கூட்டுவது யார்? நம் உம்மாமாரும் மனைவிமாரும். சுபஹுக்குப் பின் குனிந்த முதுகு ஏழு மணிக்குத்தான் நிமிர்கிறது. ஒரு நாள் கூட்டாவிட்டால் ‘ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு’ என்று ஊர் அந்தப் பெண்ணைத்தான் சொல்லும். நாலில் ஒரு பங்கு வளவை விட்டுவிட்டால் நாலில் ஒரு பங்கு முதுகுவலியும் குறையும்.

பாம்பு. இதை நான் கேலி செய்யமாட்டேன். 2012, 2013 ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள், சுமார் 400 பேர் இறக்கிறார்கள் என்று கணித்தது. ஆனால் எந்தப் பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பயப்படுவதில் பயனில்லை. சுருட்டைப் பாம்பு வரண்ட கரையோரத்தின் திறந்த மணற்பாங்கான இடங்களில் வாழ்வது. கூட்டிய மணல் அதற்குத் தடையல்ல. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள்ளே வந்து, பாயில் படுத்திருப்பவரைக் கடிப்பது. அதை வீட்டுக்கு அழைப்பவை சுவரோரம் அடுக்கிய ஓடும் கல்லும் விறகும், சிந்திய சோற்றுக்கும் நெல்லுக்கும் வரும் எலியும். எனவே வீட்டைச் சுற்றி ஒரு 15 அடி வெளியாக இருக்கட்டும். ஓட்டுக் குவியலை அகற்றுங்கள். இரவில் டோர்ச் லைட்டும் செருப்பும் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். அதற்கு அப்பால், வேலியோர மூலை வளரட்டும். வீட்டுச் சுவரோரம் கல் குவியலை வைத்துக்கொண்டு, நூறு அடி தள்ளி நிற்கும் ஆவரசை வெட்டுவதால் எவரும் பிழைக்கப்போவதில்லை.

டெங்கு. 2017 இல் இந்த நாட்டில் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளாகி, 400 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடத்திலிருந்து டெங்கு ஒழிப்பு என்றாலே நம் பாடசாலைகளில் மாணவர்கள் புல் பிடுங்குவதாகிவிட்டது. டெங்கு நுளம்பு புல்லில் முட்டை வைப்பதில்லை. தேங்கிய தெளிந்த நீரில் வைக்கும். சிரட்டை, டயர், பீலி, பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடாத தாங்கி. சிரமதானம் முடிந்து புல் ஒன்றுமில்லாத மைதானத்தின் ஓரத்தில், மழைநீர் நிறைந்த யோகட் கோப்பைகள் அப்படியே கிடப்பதைப் பல பாடசாலைகளில் கண்டிருக்கிறேன். புல்லைப் பிடுங்கியதற்குப் படம் எடுத்தாயிற்று. கோப்பைகளை எவரும் பொறுக்கவில்லை.

அதே மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எருக்கலம்பிட்டி என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எருக்கலை எது என்று காட்டத் தெரியவில்லை. அது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. அதன் தகப்பனுக்கும் தெரியாது. ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டால் நான்காவது மறுப்புக்கு வந்துவிடுகிறோம்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கி, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. முகாமில் வளவு இல்லை. கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் இடம். எந்தச் செடி எதற்கு மருந்து, எந்தப் பழத்தை எந்தக் குருவி தின்னும் என்று உம்மம்மா கைபிடித்துக் காட்டித் தருகிற வளவு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை. சொத்தும் நகையும் போனதைக் கணக்கெடுத்தோம். இந்த அறிவு போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

2009 இல் யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் திரும்பி வந்தவர்கள் கண்டது காடு. கிணற்றுக்குள் மரம் நின்றது. பள்ளிவாசல் அத்திவாரத்தின் மேல் பற்றை படர்ந்திருந்தது. துப்புரவு செய்து குடியேற முன்பே, 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழிப் பகுதிகள் அடங்கலாக ஒதுக்கக்காடு பிரகடனம் செய்யப்பட்டு வர்த்தமானி வந்தது. 2017 மார்ச்சில் சுமார் 40,000 ஹெக்டேயர் நிலம் மாவில்லு பேணற்காடாகப் பிரகடனமாயிற்று. தாங்கள் வாழ்ந்த, பயிர்செய்த காணிகளும் அந்த எல்லைக்குள் போய்விட்டன என்று மறிச்சுக்கட்டியில் மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் வீதியோரம் இருந்து போராடினார்கள். தென்னிலங்கை ஊடகங்கள் பலவற்றில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘வில்பத்துவை அழித்தவர்கள்’. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வில்பத்துவுக்கு வடக்கே குடியேற்றத்துக்காக அழிக்கப்பட்ட காட்டைக் குடியேற்றத்துக்குப் பொறுப்பாயிருந்த முன்னாள் அமைச்சரின் செலவில் மீள வளர்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவும் பார்த்த மனிதனிடம் போய், ‘வளவில் பற்றை வளர விடுங்கள், உயிர்ப்பல்வகைமைக்கு நல்லது’ என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? காடு என்ற சொல்லே அவனுக்கு வழக்கு. மொட்டை நிலமே அவனுக்கு உறுதிப் பத்திரம். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அவன் காட்டக்கூடிய சாட்சி, புல் முளைக்காத வளவு. பெக்கோவைக் கொண்டுவந்து வேரோடு பிடுங்கி, மணலைக் கிளறிப் போட்டால்தான் அவனுக்கு இரவில் தூக்கம் வருகிறது. இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்றும் சொல்லியே ஆகவேண்டும்.

வர்த்தமானி ஏன் வந்தது? செடி முளைத்ததாலா? நாம் அங்கே இல்லாததால் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் நாம் இல்லை. நாமாகப் போகவில்லை, போக்கப்பட்டோம். வானத்திலிருந்து எடுத்த படத்தையும் வரைபடத்தையும் மேசையில் விரித்து எல்லை கீறியவர்களுக்கு மரம் தெரிந்தது, மரத்துக்குக் கீழே இருந்த கிணறு தெரியவில்லை. குற்றம் அந்த எல்லைக் கோட்டில். நாமோ மரத்தைத் தண்டிக்கிறோம். இன்று ஆள் வசிக்கிற, அடுப்பு எரிகிற, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிற, உறுதியோ ஒப்பமோ கையில் இருக்கிற வீட்டின் பின்மூலையில் பத்துப் பேர்ச்சில் ஆவரசும் உடையும் நிற்பதால் எந்தக் காணியும் பறிபோகாது. ஆளில்லாத, ஆவணமில்லாத மொட்டை நிலம்தான் ஆபத்தில் இருக்கிறது. உறுதியைத் தேடுங்கள், கிராம சேவகரிடம் பதியுங்கள், நில அளவைக்கு விண்ணப்பியுங்கள், 1990 க்கு முன் இருந்த ஊர் எல்லைகளைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். உரிமைக்கான வேலை அது. எருக்கலை பிடுங்குவது அந்த வேலையல்ல.

அரசுக்கும் ஒரு சொல். காட்டைக் காப்பது உங்கள் கடமை. வில்பத்துத் தேசிய பூங்கா எவருடைய வளவுமல்ல, அதில் கைவைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மக்கள் வாழ்ந்த ஊர்களை மேசையிலிருந்தே காடாக்கினால், அந்த மக்கள் மரத்தைக் கண்டாலே வெட்டுகிறவர்களாக மாறுவார்கள். நேரில் வந்து அளந்து, குடியிருப்புக் காணிகளை விடுவித்து, மரம் நிற்கும் வளவும் மனிதன் வாழும் வளவுதான் என்று சட்டத்தில் எழுதித் தாருங்கள். நீங்கள் கீறும் எல்லைகளும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தை 2016 இல் பிரகடனம் செய்துவிட்டு, 2024 இல் அதன் ஒரு பகுதியை இறால் வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வெளியிட்டதைப் பார்த்த எங்களுக்கு, பாதுகாப்பு என்ற சொல்லில் எப்படி நம்பிக்கை வரும்?

நமக்கும் அதே அளவு நேர்மை வேண்டும். 2025 இல் காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் இன மத பேதமின்றி வீதியில் இறங்கினார்கள். மழைவெள்ளம், மீன்பிடி, நிலத்தடி நீர், பறவைகளின் பாதை எல்லாம் அங்கே பேசப்பட்டன. நியாயமான போராட்டம். ஆனால் தீவின் நிலத்தடி நீர் மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. கடல்மட்டத்துக்கு மேல் அது ஒரு அடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் சுமார் 40 அடி மேலேறும் என்பது நீரியல் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையை உள்ளே இறக்குவது சருகு மூடிய மணல். அதை வீதிக்கு விரட்டுவது நாம் பதித்த இன்டர்லொக் கல். கொம்பனியின் மணல் அகழ்வைக் கேள்வி கேட்ட வாய், வாசல் முழுக்கக் கல் பதிக்கக் கொந்தராத்துக் கொடுக்கலாமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அதன் போக்கில் விடுவது என்பது சோம்பல் அல்ல. விடுகிறவனுக்குச் செடி தெரியவேண்டும். சீமைக்கருவேல் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலுக்கு அக்கரையில் இராமநாதபுரமும் தெற்கே புந்தலவும் காட்டுகின்றன. பார்த்தீனியமும் நாயுண்ணியும் நாகதாளியும் வெளியிலிருந்து வந்து மற்றதையெல்லாம் அமுக்குகிறவை. இவற்றைக் கண்டவுடன், பூக்க முன், வேரோடு பிடுங்கவேண்டும். களைநாசினி வேண்டாம். கிளைபோசேட்டை 2015 இல் தடைசெய்து 2022 இல் மீண்டும் அனுமதித்தார்கள். அனுமதி வந்ததால் அது கிணற்றடிக்கு நல்லதாகிவிடாது. கழுதையும் ஆடும் கட்டாக்காலியாகத் திரிகிற இந்தத் தீவில் வேலி இல்லாமல் எதுவும் முளைக்காது என்பதும் உண்மை. அந்த வேலி கிளுவையாகவும் பூவரசாகவும் இருந்தால் வேலியே பாதி வேலையைச் செய்துவிடும். எல்லா மணலையும் மூடவும் வேண்டாம். பஞ்சுருட்டான் மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. மதிலோரம் கொஞ்சம் மணல் மணலாகவே கிடக்கட்டும்.

வளவே இல்லாதவர்கள் என்ன செய்வது என்றால், ஊருக்குப் பொதுவான ஒரு வளவு இருக்கிறது. அதுதான் மையவாடி. பல ஊர்களில் கடைசியாக மிஞ்சியிருக்கும் பற்றையும் நிழலும் அங்கேதான். இரண்டு கப்றுகளின் மேல் பச்சை ஈச்சமட்டையைப் பிளந்து நட்ட நபி (ஸல்) அவர்களின் செயலை நாம் எல்லாரும் அறிவோம். மீஸான் கட்டையோரம் செடி வைக்கும் வழக்கத்தின் மூலமும் அதுதான். இப்போது சில ஊர்களில் நிர்வாகங்கள் மையவாடிக்குள்ளும் பெக்கோவை இறக்கி வெளியாக்கத் தொடங்கியிருக்கின்றன. நடைபாதையைத் துப்புரவாக்குங்கள், கப்று வெட்டும் இடத்தைத் துப்புரவாக்குங்கள். மிச்சத்தை மௌத்தானவர்களுக்கும் குருவிகளுக்கும் விடுங்கள் என்று அந்த நிர்வாகங்களிடம் கேட்கிறேன்.

நாம் இல்லாத அந்த இருபது வருடத்தில் முசலி மண்ணுக்கு எவரும் விதை போடவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. எந்த நிறுவனமும் திட்டம் வகுக்கவில்லை. குருவி எச்சத்தில் வந்த விதையும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த வேரும் சேர்ந்து பாலையும் வீரையும் விடத்தலுமாக எழுந்து நின்றன. அந்த வளர்ச்சியை நாம் துக்கத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். நம் அழிவின் அடையாளமாக எண்ணி அதை வெட்டினோம். நாம் இருக்கும்போதே, நம் சம்மதத்தோடு, நம் வேலிக்குள் அது கொஞ்சம் வளர்ந்தால் அதற்கு அர்த்தம் வேறு. ஆளில்லாமல் வளர்ந்தது அது. இது ஆள் இருந்து வளர்ப்பது.

அதிபர்மாரே, பாடசாலையின் பின்வேலியோரம் பத்தடி விடுங்கள். அங்கே என்ன முளைக்கிறது, எது வந்து உண்கிறது என்று பிள்ளைகள் பெயரோடு எழுதி வைக்கட்டும். பெயர் தெரியாததை வீட்டில் மூத்தம்மாவிடம் கேட்டு வரட்டும். பெயர் சொல்லித் தரக்கூடிய மூத்தம்மாமார் ஒரு சிலர்தான் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வருகிற ஐப்பசியில் முதல் மழை விழும் முன் உங்கள் வளவில் ஒரு மூலையைத் தெரிந்தெடுங்கள். அந்த மூலைக்கு மட்டும் விளக்குமாற்றையும் நெருப்புப் பெட்டியையும் கொண்டுபோகாதீர்கள். அயல்வீட்டார் கேட்டால், காணி என்னுடையது, அதனால்தான் விட்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.